ஒத்திகைக்கு ஒரு ஷூ

புனேயின் வடகிழக்கு ஓரத்தில், ஆளந்தி சாலையில் இருக்கிறது விஷ்ராந்த்வாடி. நடந்துகொண்டே வாசிக்கும் இசை இந்தச் சாலைக்குப் பழக்கமானது. ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் புறப்படும் ஞானேசுவரர் பல்லக்கு திகி, களஸ் வழியாக இந்த ஊரைக் கடந்துதான் புனேக்குள் நுழைகிறது. கையில் தாளமும் கழுத்தில் மிருதங்கமுமாக வார்க்கரிகள் என்னும் யாத்திரிகர்கள் மூன்று வாரம், சுமார் 250 கிலோமீட்டர் நடக்கிறார்கள். பல்லக்கு போன சில நாட்களில் டோல்–தாஷா முரசுக் குழுக்களின் ஒத்திகை தொடங்கிவிடும். பிள்ளையார் சதுர்த்தி வரை மாலை நேரங்களில் மைதானங்களிலும் ஆற்றங்கரையிலும் முழக்கம் ஓயாது. பக்கத்துக் கட்கியில் ராணுவப் பொறியாளர் படையான பாம்பே சாப்பர்ஸின் தலைமையிடம் இருக்கிறது. பூட்ஸ் சத்தமும் பாண்டு வாத்தியமும் அந்த வட்டாரத்தின் அன்றாடச் சங்கதி. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 நெருங்கிவிட்டால் பள்ளிக்கூட பாண்டுகளும் சேர்ந்துகொள்ளும்.

இத்தனை பேரும் நடக்கிறார்கள், வாசிக்கிறார்கள். வாத்தியத்தை எப்படிப் பிடிப்பது, எங்கே அடிப்பது என்று மணிக்கணக்காகச் சொல்லித் தருகிறோம். காலில் என்ன போடுவது என்பதை மட்டும் விழாவுக்கு முந்தைய வாரம் வரை யாரும் யோசிப்பதில்லை. யோசிக்கும்போதும் மேடையில் எப்படித் தெரியும், வரிசையில் எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்குமா என்பதுதான் கேள்வியாக இருக்கிறது. நிகழ்ச்சிக்காகத்தான் ஷூ வாங்குகிறோம். ஆனால் கால் கெடுவது ஒத்திகையில்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விரைவு நடைக்கு, அதாவது ‘தேஜ் சல்’லுக்கு, நிமிடத்துக்கு 120 அடி. 20 நிமிட நிகழ்ச்சி என்றால் 2,400 அடி. அதற்கு முன் ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் ஒத்திகை நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நாளும் நிற்பது, திட்டு வாங்குவது எல்லாம் போக 45 நிமிடமாவது உண்மையில் நடப்பார்கள். மொத்தம் 1,62,000 அடி. நிகழ்ச்சி அதில் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் நடப்பது கான்கிரீட் தரையில், பெரும்பாலும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில்.

அந்தக் கேன்வாஸ் ஷூவைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம். ஒரு பருவம் முழுக்க ஒத்திகை பார்த்த பழைய ஷூவாக இருந்தால் நல்லது. உள்ளே ஒட்டியிருக்கும் இன்சோலை நகத்தால் நெம்பினால் வந்துவிடும். துணியும், அதன் கீழே சில மில்லிமீட்டர் நுரையும், அவ்வளவுதான். கீழே கெட்டி ரப்பர். இன்சோலின் மேல் கறுப்பாகக் கால் அச்சு விழுந்திருக்கும். குதிகாலில் ஒரு வட்டம், பெருவிரலில் ஒரு பள்ளம், விரல்களுக்குப் பின்னால் உள்ளங்காலின் முன்மேட்டில் அகலமான ஒரு கறை. அந்தக் கறைக்குள் இரண்டாம், மூன்றாம் விரலுக்கு நேர் பின்னால் நுரை காகிதம்போல நசுங்கி, அடியில் இருக்கும் ரப்பரின் கோடுகள் தெரியும். கால் எங்கே அடி வாங்குகிறது என்று அது எழுதி வைத்த இடம் அதுதான். வலது ஷூவும் இடது ஷூவும் பெரும்பாலும் ஒன்றுபோலத் தேய்ந்திருக்காது.

நம் தமிழ்நாட்டு வாத்தியக்காரர்களுக்கு இந்தப் பிரச்சினை இந்த வடிவத்தில் இருந்ததில்லை. கோயில் புறப்பாட்டில் மல்லாரி வாசித்துக்கொண்டு வரும் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் வெறுங்காலில் மெதுவாக நகர்கிறார்கள், நிற்கிறார்கள், மறுபடி நகர்கிறார்கள். தரையில் காலை உதைத்து மிதிக்க வேண்டிய கட்டாயம் அந்த மரபில் இல்லை. பாண்டு வாத்தியம் வந்தபோது அதனுடன் ஐரோப்பிய ராணுவ நடையும் பூட்ஸும் சேர்ந்தே வந்தன. தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பிய பாணி பாண்டு ஒன்றை வைத்திருந்தார் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். மராட்டிய நாட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான சொத்துகளில் பாண்டு வாத்தியமும் ஒன்று.

நடையின் இயற்பியலுக்கு வருவோம். சாதாரணமாக நடக்கும்போது தரை நம்மைத் திருப்பித் தள்ளும் விசை, உடல் எடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம், கிட்டத்தட்ட 1.2 மடங்கு. ஓடும்போது அது இரண்டு மூன்று மடங்காகிறது. ‘கதம் தால்’ என்று நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி மிதிக்கும்போது, மிதிப்பவரின் உற்சாகத்தைப் பொறுத்து அது ஓட்டத்துக்கு இணையாகவும் போகலாம். 15 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தானாக விழும் பொருள்கூடத் தரையைத் தொடும்போது நொடிக்கு 1.7 மீட்டர் வேகத்தில் இருக்கும். காலைத் தசைகளால் உந்தி இறக்கினால் வேகம் இன்னும் கூடும்.

அந்த வேகத்தை எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்துகிறோம் என்பதில்தான் ஷூவின் வேலை இருக்கிறது. நிற்கும் தூரம் இரண்டு மடங்கானால் சராசரி விசை பாதியாகும். கெட்டி ரப்பர் சோல் ஓரிரு மில்லிமீட்டர் அமுங்குகிறது. நல்ல நுரை வைத்த ஹீல் ஏழெட்டு மில்லிமீட்டர் அமுங்கும். குதிகாலின் கீழே நமக்கே சொந்தமாக ஒரு கொழுப்பு மெத்தை இருக்கிறது, அதுவும் அமுங்குகிறது. மீதியை முழங்கால் மடங்கி வாங்கிக்கொள்ளும். முழங்காலை விறைப்பாக வைத்து மிதிக்கச் சொல்லும்போது அந்தக் கடைசி உதவியையும் நாமே பிடுங்கிவிடுகிறோம்.

அப்படியானால் மிக மெத்தென்ற ஷூவே நல்லதா என்றால், இல்லை. தரை மென்மையாக இருந்தால் உடல் தன் காலைத் தானாகவே இறுக்கிக்கொள்கிறது என்பதை ஓட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மென்மையால் கிடைக்கும் லாபத்தில் ஒரு பகுதி அதில் போய்விடும். பாண்டுக்காரருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் வயிற்றுக்கு முன்னால் பாரம் தொங்குகிறது. பேஸ் டிரம் அளவைப் பொறுத்து 7, 8 கிலோவைத் தாண்டும். 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. பாரம் முன்னால் இருப்பதால் பிள்ளை பின்னால் சாய்கிறது, எடை குதிகாலுக்குப் போகிறது. குனிந்து தன் காலைப் பார்க்கவும் முடியாது, எதிரே உள்ள குழியும் தெரியாது. அந்த நிலையில் பஞ்சுபோன்ற உயரமான சோல் கணுக்காலைப் பக்கவாட்டில் மடக்கிவிடும். அமுங்க வேண்டும், ஆனால் ஆடக் கூடாது. குதிகால் பகுதி அகலமாகவும், குதிகாலைச் சுற்றிய கிண்ணம் கட்டை விரலால் அழுத்தினால் எளிதில் மடங்காததாகவும் இருந்தால் போதும்.

ஊதுகிறவர்களின் தேவை வேறு. டிரம்பெட்டின் ஊதுவாய் உதட்டில் அழுந்தியிருக்கிறது, உதட்டுக்குப் பின்னால் பல். நடக்கும்போது நம் உடலின் எடைமையம் ஒவ்வொரு அடிக்கும் நான்கைந்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. குதிகாலில் விழும் அதிர்வு கண் இமைக்கும் நேரத்துக்குள் தலைக்கு வந்துவிடும். ஊதும் ஸ்வரம் நடுங்குவதற்கு மூச்சுப் போதாததுதான் காரணம் என்று நினைத்துத் திட்டுகிறோம். பல நேரம் காரணம் காலில் இருக்கிறது. அமெரிக்கப் பள்ளி, கல்லூரி பாண்டுகள் இதற்காகவே குதிகாலில் தொடங்கி நுனிக்கால் வரை பாதத்தை உருட்டி நடக்கும் ஒரு நடையைப் பழகுகின்றன. அந்த நடைக்கென்றே விற்கும் ஷூவில் ஹீலின் பின்விளிம்பு செங்குத்தாக வெட்டியிருக்காது, வளைவாக இருக்கும். பாதம் தட்டென்று விழாமல் உருண்டு இறங்கும். நம் பள்ளிகளில் நடப்பது பிரிட்டிஷ் வழி வந்த ராணுவ நடை, அதில் மிதிதான் அழகு. ஆகவே அந்த அமெரிக்க ஷூவை அப்படியே இங்கே இறக்குமதி செய்வதில் பயனில்லை. ஆனால் ஹீல் விளிம்பு கூர்மையாக இல்லாத ஷூவைத் தேர்ந்தெடுப்பது ஊதுகிறவர்களுக்கு இங்கேயும் உதவும். பின்னோக்கி நடக்கும் அமைப்புகள் இருந்தால் உயரமான ஹீல் வேண்டவே வேண்டாம். பின்னால் போகும்போது எடையெல்லாம் நுனிக்காலில் நிற்கும். ஹீல் தரையில் தட்டினால் ஆள் மல்லாந்துவிடுவார்.

இன்சோலில் நசுங்கிய இடம் இரண்டாம், மூன்றாம் விரலுக்குப் பின்னால் என்றேன். எலும்பு முறிவதும் பெரும்பாலும் அங்கேதான். 1855இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைத்தாப்ட், அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் புறங்கால் காரணம் தெரியாமல் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதினார். விழவில்லை, அடிபடவில்லை, ஆனாலும் வீக்கம். காரணம் புலப்பட 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டு இரண்டு ஆண்டு கழித்து, 1897இல், அது பாத எலும்பில் விழுந்த மெல்லிய முறிவு என்று தெரிந்தது. அணிவகுப்பு முறிவு என்ற பெயர் அதற்கு அப்படித்தான் வந்தது.

எலும்பு உயிருள்ள பொருள். திரும்பத் திரும்பச் சுமை ஏறும்போது அதில் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. அவற்றைச் சரிசெய்ய ஒருவகைச் செல்கள் முதலில் பழைய எலும்பை அரித்து எடுக்கும். அதன்பின் வேறுவகைச் செல்கள் வந்து புதிய எலும்பை நிரப்பும். தோண்டும் வேலை வேகமாக முடிந்துவிடும், நிரப்பும் வேலை மெதுவாகத்தான் நடக்கும். நகராட்சி சாலையைத் தோண்டிப் போட்டுவிட்டு ஜல்லி வருவதற்குக் காத்திருக்கும் அதே நிலைமை. புதிதாகக் கடும் பயிற்சி தொடங்கிய மூன்றாம், நான்காம் வாரத்தில் எலும்பு தற்காலிகமாகப் பலவீனமாக இருப்பது இதனால்தான். நம் பள்ளிகளின் கால அட்டவணையை இதனுடன் பொருத்திப் பாருங்கள். ஜூலை நடுவில் ஒத்திகை தொடங்குகிறது. ஆகஸ்ட் முதல் வாரம் வந்ததும், நாள் நெருங்கிவிட்டது என்று ஒத்திகை நேரத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். எலும்புக்கு மிக மோசமான வாரத்தில் மிக அதிகச் சுமை. எந்த ஷூவாலும் இந்தத் தப்பை முழுதாகச் சரிக்கட்ட முடியாது. நேரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும், கடைசி வாரத்தில் குறைக்க வேண்டும்.

அடையாளம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. புறங்காலில் ஒரு விரல் நுனி அளவு இடத்தில் அழுத்தினால் சுரீரென்று வலிக்கும். நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். பிறகு உட்கார்ந்தாலும் குறையாது. முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். ‘எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, போய் வாசி’ என்று சொல்லக் கூடாத வலி இது. எலும்பு மருத்துவரிடம் போகும்போது, இது பாண்டு வாசிக்கிற பிள்ளை, தினமும் இவ்வளவு நேரம் மிதிக்கிறது என்று சொல்லுங்கள். வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கும், சரியாகச் சாப்பிடாமல் மாதவிலக்கு தள்ளிப்போகும் பெண்பிள்ளைகளுக்கும் இந்த முறிவு வரும் வாய்ப்பு அதிகம்.

வலியைப் பற்றி இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால்களில் புண் ஏன் ஆறுவதில்லை என்று ஆராய்ந்தார். நோய் சதையைத் தின்பதாக அதுவரை நம்பிக்கை. பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் கண்டது வேறு. அந்தக் கால்களில் உணர்ச்சி இல்லை. நமக்கு ஓர் இடத்தில் வலி எடுத்தால் நம்மை அறியாமலேயே எடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்து நடக்கிறோம், ஓர் அடியைப்போல் இன்னோர் அடி விழுவதில்லை. உணர்ச்சியற்ற கால் மட்டும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, ஆயிரக்கணக்கான முறை அழுந்திக்கொண்டே இருக்கிறது. ஒவ்வோர் அழுத்தமும் சின்னதுதான். திரும்பத் திரும்ப விழுவதால் திசு அழற்சி கண்டு உடைகிறது. அந்தப் புரிதலிலிருந்துதான் எம்.சி.ஆர். என்று சொல்லப்படும், நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர் வைத்த செருப்புகள் தொழுநோயாளிகளுக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டன.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு பாண்டுப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களுக்கு உணர்ச்சி இருக்கிறது, ஆனால் அதன்படி நடக்க அனுமதி இல்லை. வரிசை கலையக் கூடாது, ஒவ்வோர் அடியும் ஒன்றுபோல விழ வேண்டும், முகத்தில் வலி தெரியக் கூடாது. எடையை நகர்த்தி வைத்து நடப்பது அங்கே தப்பு. கால் தானாகச் செய்துகொள்ளும் வைத்தியத்தை ஒழுங்கு என்ற பெயரில் தடுக்கிறோம் என்றால், அந்த வேலையை ஷூவும் ஓய்வும்தான் ஏற்றுக்கொள்ள வேண்டும். வலிக்கிறது என்று கையைத் தூக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லாத பாண்டு மாஸ்டர் எந்த விலையுயர்ந்த ஷூவையும்விடப் பெரிய பாதுகாப்பு. இசைக்கும் இதில் லாபம் உண்டு. வலிக்கும் காலில் ஒருவர் நிற்கும் நேரம் தானாகக் குறையும். ஓர் அடிக்கு அரை நொடி என்ற கணக்கில், வலக்கால் நேரம் சற்றே சுருங்கி இடக்கால் நேரம் நீண்டால் தாளம் நொண்டும். ஸ்னேர் டிரம்மில் அது காதுக்குத் தெரியும்.

கடைக்குப் போவோம். பாதத்தைத் தண்ணீரில் நனைத்துக் காகிதத்தில் அச்செடுத்து, வளைவு உயரமா தட்டையா என்று பார்த்து அதற்கேற்ற ஷூ வாங்கச் சொல்லும் யோசனை பிரபலம். அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படைப் புதுமுகங்களிடம் இதைச் சோதித்தார்கள். நேபிக் என்ற ஆய்வாளருடைய குழுவின் முடிவுகள் 2009, 2010இல் வெளிவந்தன. பாத அச்சைப் பார்த்து ஷூ கொடுத்ததால் காயங்கள் குறையவில்லை. தட்டைப் பாதம் என்ற சொல்லே பல பெற்றோரைக் கலங்கடிக்கிறது. மணிப்பால் எலும்பு மருத்துவர்கள் ராவும் ஜோசப்பும் 2,300 குழந்தைகளைப் பரிசோதித்து 1992இல் வெளியிட்ட ஆய்வில், ஷூ போடும் குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலில் திரிந்த குழந்தைகளில் 2.8 விழுக்காட்டினருக்கும்தான் தட்டைப் பாதம் இருந்தது. மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அதிகம். சின்னப் பிள்ளைகளை வீட்டில் வெறுங்காலோடு விடுங்கள் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

அச்சு உதவாது என்றால் எதைப் பார்ப்பது? கனடாவில் கால்கரி பல்கலைக்கழகத்தில் பென்னோ நிக்கின் குழு, 206 படைவீரர்களிடம் பலவகை இன்சோல்களைக் கொடுத்து, அவரவருக்குச் சுகமாகப் படுவதை அவரவரே தேர்ந்தெடுக்கச் செய்தது. அதை நான்கு மாதம் போட்டவர்களுக்கு, இன்சோல் இல்லாதவர்களைவிட எலும்பு முறிவும் வலியும் குறைவாக இருந்தன. 2001இல் வந்த முடிவு இது. ஒவ்வொருவர் தேர்ந்தெடுத்ததும் வெவ்வேறு. போட்டு நடந்தவுடன் காலுக்கு இதமாக இருக்கிறதா என்ற எளிய கேள்விக்கு, நாம் நினைப்பதைவிட அதிக அறிவு இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே ஷூவை மொத்தமாக வாங்கி அளவு எண்ணைப் பார்த்து விநியோகிக்கும் பள்ளிகள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

அளவு எண்ணே நமக்குச் சரியாகப் பொருந்துவதில்லை என்பது இன்னொரு சங்கதி. நாம் சொல்லும் 6, 7, 8 எல்லாம் ஆங்கிலேயர் விட்டுப்போன அளவுமுறை. சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியில் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கரைவிட இந்தியரின் பாதம் அகலமானது என்று தெரிந்தது. அகலம் போதாததால் பலர் நீளம் கூடிய ஷூவை வாங்கி லேஸை இறுக்கிக் கட்டிச் சமாளிக்கிறோம். ஷூ மடங்க வேண்டிய கோடு அப்போது விரல்களின் மூட்டுக்கு முன்னால் தள்ளிப்போய்விடும். ஒவ்வோர் அடியிலும் கால் ஓரிடத்தில் மடங்க, ஷூ வேறிடத்தில் மடங்கும். இந்தியப் பாதத்துக்கென்று ‘பா’ என்ற பெயரில் புதிய அளவுமுறை ஒன்றை அந்த ஆய்வு முன்வைத்தது.

அதே ஆய்வு சொன்ன இன்னொன்று பள்ளி பாண்டுகளுக்கு நேரடியாகப் பொருந்தும். பெண்பிள்ளைகளின் பாத வளர்ச்சி 11 வயது வாக்கிலும், பையன்களுடையது 15, 16 வயது வாக்கிலும் உச்சத்தைத் தொடுகிறது. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஆகஸ்டில் சரியாக இருந்த ஷூ ஜனவரி 26க்குக் கடிக்கும். பாண்டு அறை அலமாரியிலிருந்து போன ஆண்டு சீனியர் போட்ட ஷூவை எடுத்துக் கொடுப்பது இன்னும் மோசம். முன்னவரின் நடைக்குத் தேய்ந்த ஹீல் பின்னவரின் கணுக்காலைச் சாய்க்கும்.

ஷூவை மாலையில் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் பெருத்திருக்கும், ஒத்திகையிலும் அப்படித்தான் இருக்கப் போகிறது. நிகழ்ச்சிக்குப் போடும் அதே காலுறையைப் போட்டுக்கொண்டு, இரண்டு காலையும் நுழைத்து, நின்று பாருங்கள். பெரிய பாதம் எதுவோ அதற்குப் பொருந்த வேண்டும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கையில் எடுத்து வளைத்தால் விரல்மூட்டு வரும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் வேண்டாம். பிறகு கடையிலேயே கதம் தால் போடச் சொல்லுங்கள், பத்து அடி பின்னால் நடக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும். குதிகால் உள்ளே தூக்கினால் அந்த ஷூ கொப்புளம் போடும்.

கொப்புளம் மேலே தேய்வதால் வருவது என்று நினைக்கிறோம். உண்மையில் அது உள்ளே நடக்கும் கிழிசல். எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது, மேல்தோல் காலுறையோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. நடுவில் உள்ள தோலடுக்கு இழுபட்டு இழுபட்டுப் பிளந்து, இடைவெளியில் நீர் கோக்கிறது. காய்ந்த தோல் வழுக்கும், நன்றாக நனைந்த தோலும் ஓரளவு வழுக்கும். லேசாக ஈரமான தோல்தான் காலுறையோடு மிக இறுக்கமாக ஒட்டுகிறது. புனேயில் ஒத்திகைக் காலமும் மழைக்காலமும் ஒன்று. ஜூலை, ஆகஸ்டில் கால் எப்போதும் அந்த லேசான ஈரத்திலேயே இருக்கும். பருத்திக் காலுறை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய செயற்கை இழைக் காலுறை ஒன்று உள்ளே, வழக்கமானது வெளியே என்று இரண்டு போட்டால் இழுப்பு தோலுக்குள் போகாமல் இரண்டு துணிகளுக்கு நடுவில் தீர்ந்துவிடும். வாஸ்லின் தடவுவது முதல் ஓரிரு மணி நேரத்துக்கு உதவும், அதற்குப் பிறகு தோல் ஊறி உராய்வு முன்னைவிடக் கூடும். நீண்ட ஊர்வலத்துக்கு, முக்கியமாக அனந்த சதுர்த்தசியன்று ஒரு நாளையும் தாண்டி நீளும் புனே விசர்ஜன ஊர்வலத்துக்கு, அதை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

நனைந்த ஷூவைச் செய்தித்தாள் திணித்து நிழலில், காற்று படும்படி வையுங்கள். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் ஈரத் தோல் சுருங்கி விறைக்கும், பசை இளகும். இரண்டு ஜோடி இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். மழைக்காலத்தில் ஷூவின் நுரைக்கு ஒரு நாள் ஓய்வு கிடைப்பது நல்லது.

பளபளப்பாக இருந்து கடைசி நேரத்தில் கைவிடும் ஷூ ஒன்று உண்டு. வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் வெளியே எடுக்கும் கறுப்பு ஷூ. பார்த்தால் புதிதுபோலத்தான் இருக்கும். ஆனால் அதன் சோல் பாலியூரித்தேன் வகையைச் சேர்ந்ததாக இருந்தால், காற்றிலுள்ள ஈரப்பதமே அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருக்கும். போட்டாலும் போடாவிட்டாலும் சில ஆண்டுகளில் சோல் பிசுபிசுத்து, வெடித்து, துண்டு துண்டாக உதிரும். நிகழ்ச்சி நாளன்று மைதானத்தில் கறுப்புத் துணுக்குகளாகச் சோல் கொட்டுவதற்குக் காரணம் மட்டமான ஒட்டுவேலை அல்ல, இந்த வேதியியல். மழைக்கால அலமாரி அதை விரைவுபடுத்தும், சென்னைக் கடற்கரைக் காற்றும் அப்படியே. சாதாரண ரப்பருக்கும், ஓட்டப் பயிற்சி ஷூக்களில் வரும் ஈ.வி.ஏ. நுரைக்கும் இந்த நோய் இல்லை. ஈ.வி.ஏ. வேறு விதத்தில் வயதாகிறது, அமுங்கி அமுங்கி மீளாமல் போகும். ஒரு மாதம் முன்பே சோலைக் கட்டை விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் நின்றாலோ ஒட்டினாலோ அந்த ஷூவை நம்ப வேண்டாம்.

பள்ளி நிர்வாகத்துக்கு நான் சொல்வது இது. பணம் குறைவாக இருந்தால் நிகழ்ச்சிக்கென்று தனி ஷூ வாங்காதீர்கள். கறுப்பு நிறம், வெள்ளைக் கோடோ எழுத்தோ இல்லாத, குதிகால் கெட்டியான ஒரு பயிற்சி ஷூவை ஒவ்வொரு பிள்ளையும் தன் காலுக்குப் பார்த்து வாங்கட்டும். மேலே வெள்ளைத் துணி உறை கட்டிவிட்டால், மூன்று அடி தள்ளி நிற்பவருக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒத்திகையிலும் நிகழ்ச்சியிலும் அதையே போடலாம். இரண்டுக்கும் தனித்தனி ஷூ என்று வைத்தால் ஹீல் உயரம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆறு வாரம் தட்டை ஷூவில் பழகிய கெண்டைக்கால் தசை அன்று மட்டும் இரண்டு விரல் உயரத்தில் நிற்கச் சொன்னால் தடுமாறும். கையில் இன்னும் கொஞ்சம் மிஞ்சினால் முதல் இன்சோல்கள் பேஸ் டிரம்காரர்களுக்குப் போகட்டும்.

டோல்–தாஷா குழுக்களில் வெறுங்காலில் வாசிப்பதைப் பக்தியாகக் கருதுகிறவர்கள் உண்டு. அந்த உணர்வை மதிக்கிறேன். அப்படி வாசிக்க விரும்புகிறவர்கள் ஊர்வலத்தன்று முதல்முறையாகச் செருப்பைக் கழற்றக் கூடாது. உள்ளங்கால் தோல் தடிப்பதற்கும், பாதத்தின் சிறு தசைகள் பலப்படுவதற்கும் வாரங்கள் பிடிக்கும். ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே, மண் தரையில், பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டிக்கொண்டு போகலாம். நீரிழிவால் கால் மரத்தவர்கள் மட்டும் எந்த நாளிலும் வெறுங்காலில் இறங்கக் கூடாது. சூடான தாரையும் ஆணியையும் அந்தக் கால் அவர்களுக்குச் சொல்லாது.

நிகழ்ச்சி நாளன்று காலையில் லேஸை உட்கார்ந்தபடி கட்டாமல், குதிகாலைப் பின்னால் தட்டி உட்கார வைத்துவிட்டு, எழுந்து நின்று மேல் இரண்டு துளைகளை மட்டும் இறுக்குங்கள். முடிச்சின் நுனிகளை உள்ளே செருகுங்கள். வாத்தியப் பெட்டிக்குள் உலர்ந்த காலுறை ஒரு ஜோடி இருக்கட்டும், அணி நிற்பதற்குப் பத்து நிமிடம் முன்பு மாற்றிக்கொள்ளலாம்.